மலிவு விலையும் இலவசக் கல்வியும்

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய் சென்ற தவணை முடிவில் பாடசாலை வாயிலில் என்னை மறித்துக் கேட்டார்: "சேர், பிள்ளைக்கு அந்த விலை குறைஞ்ச ஸ்மார்ட் போனை எடுத்துக் குடுக்கலாமா? காசுக்குப் பிரயோசனம் இருக்குமா?" நான் உடனே விடை சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்களுள் நானும் ஒருவன். அவருடைய மகளின் வகுப்புக்குரிய வீட்டுப் பாடங்களை வட்ஸ்அப் குழுவில் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்தான்.

இக்கேள்விக்கு நம்மிடையே ஆயத்தமான இரண்டு விடைகள் உலவுகின்றன. "ஏழைக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்பது ஒன்று. "இது இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே இருண்டுவிடும்" என்பது மற்றையது. முன்னதைச் சொல்பவர் உபதேசி. பின்னதைச் சொல்பவர் வியாபாரி. இருவரும் பகைவர் போலத் தோன்றினும் ஒன்றில் உடன்படுகின்றனர்: பொறுப்பு முழுவதையும் அந்தத் தாயின் தலையிலேயே ஏற்றிவிடுகின்றனர்.

முதலில் உபதேசியாரைக் கவனிப்போம். புத்தளக் கரையோரத்தின் வாழ்க்கையை அவர் அறியார். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் இங்கேதான் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். அவர்களுடைய உறவுகள் இன்றும் பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உணவூட்டும் நம்மூர்த் தாய், தன் பிள்ளையின் முகத்தைக் காண்பது இந்தக் கண்ணாடித் துண்டினூடாகவே. இதனை ஆடம்பரம் என்று பழிப்பவர் தம் கைத்தொலைபேசியை முதலில் கடலில் எறிந்துவிட்டுப் பேசட்டும்!

வியாபாரியாருடைய வாதம் இன்னும் சாதுரியமானது. கைத்தொலைபேசி வந்ததும் மீனவன் வாழ்ந்தான் என்று அவர் கேரளக் கதையைக் காட்டுவார். அது உண்மையே. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையில் கைத்தொலைபேசி பரவியபோது மத்திச் சந்தைகளின் விலை வேறுபாடு குறைந்தது. மீனவரின் இலாபம் ஏறக்குறைய 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் இறங்கியது. ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் இதனை விரிவாக எழுதினார். ஆனால் வியாபாரியார் மறைக்கும் செய்தி ஒன்றுண்டு: அம்மீனவர் கையில் இருந்தவை பேச மட்டுமே பயன்பட்ட சாதாரணக் கருவிகள். எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிய அது போதுமாயிருந்தது. அந்த வெற்றியைச் சான்றாகக் காட்டி இந்தப் பண்டத்தை விற்பது எந்த ஊர் நியாயம்?

மலிவு என்கிறார்களே, யாருக்கு மலிவு? கடைகளில் அடிமட்டத்திலுள்ள ஸ்மார்ட் போன் ஏறத்தாழ 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டின் சட்டபூர்வமான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில்தான் 27,000 ரூபாவுக்கு உயர்ந்தது. ஆக, ஒரு மாதம் முழுவதும் உண்ணாமலிருந்தால் வாங்கக்கூடிய பொருளுக்கு மலிவு என்று பெயர்! போதாக்குறைக்கு 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதிசேர் வரி 18 சதவீதமாக்கப்பட்டது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசியும் அன்று அவ்வரிக்குள் இழுக்கப்பட்டது. உப்பள முதலாளியும் உப்பளத் தொழிலாளியும் ஒரே வீதத்தில் செலுத்தும் வரி இது.

கணக்கு இதனோடு முடியவில்லை. மலிவுக் கருவியின் நினைவகம் சிறியது. செயலிகள் ஆண்டுதோறும் பெருக்கின்றன. பற்றரி தளரும். பாதுகாப்புக்கான புதுப்பித்தல்களைத் தயாரிப்பாளர் சீக்கிரமே நிறுத்திவிடுவதும் உண்டு. இரண்டாண்டு உழைத்தால் மாதத்துக்கு 1,250 ரூபா. அதன்மேல் மாதாமாதம் டேட்டாச் செலவு. இதனைத் தவணைக்கு எடுத்தால் வட்டியும் சேரும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழையால் உப்பு விளைச்சல் குன்றியதன் விளைவாக, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு உப்பை இறக்குமதி செய்ததே, மறந்துவிட்டோமா? மழை பெய்தால் உப்பளத்தில் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. தவணைக்காரனோ மழைக்கும் வருவான், வெயிலுக்கும் வருவான்.

இனி, தலையாய வினாவுக்கு வருவோம். இந்தப் பொருளை வாங்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நிலைநாட்டப்பட்டது. தந்தையின் பணப்பையைப் பாராமல் பிள்ளையை வகுப்பில் அமர்த்துவதே அதன் உயிர்நாடி. 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் கைத்தொலைபேசியை நாடினோம். அன்று அது ஆபத்துக்குப் பாவமில்லை. தொலைக்காட்சி வழியாகவும் பாடங்கள் ஒளிபரப்பாயின. பின்னர் பாடசாலைகள் திறந்தன; மாணவர் திரும்பினர்; ஆனால் நமது பழக்கம் மட்டும் திரும்பவில்லை. அறிவித்தல் வட்ஸ்அப்பில், பயிற்சித்தாள் வட்ஸ்அப்பில், விடைகளும் அதிலேயே. கரும்பலகையில் ஐந்து நிமிடம் எழுதும் சிரமத்தை மிச்சப்படுத்திக்கொள்ள, 30,000 ரூபாச் செலவை ஏழைப் பெற்றோருக்கு நாம் மாற்றிவிட்டோம். கட்டணம் ஒழிக்கப்பட்ட கல்விக்குப் புதியதொரு நுழைவுக் கட்டணத்தை, எந்தச் சட்டமுமின்றி, எந்த விவாதமுமின்றி, ஆசிரியர்களாகிய நாமே விதித்திருக்கிறோம்!

"காலத்தை நிறுத்த முடியுமா?" என்று சக ஆசிரியர் கேட்பர். காலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் செலவை யார் ஏற்பது என்றே கேட்கிறோம். கணினியறிவு கல்வியின் பகுதியாயின், பாடநூலையும் சீருடைத் துணியையும் போல அரசே அதற்குப் பொறுப்பேற்கட்டும். பாடசாலை நூலகத்தில் கணினியும் இணையமும் மாலை வரை மாணவருக்குத் திறந்திருக்கட்டும். அடிமட்ட விலைக் கருவிகளின் மீதுள்ள வரி நீக்கப்படட்டும். இவற்றுக்காக நமது சங்கங்கள் குரல் கொடுக்கட்டும். அதுவரை, கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு எட்டாத எந்தப் பயிற்சியையும் கொடுப்பதில்லை என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் உறுதி கொள்ளட்டும்.

அந்தத் தாய்க்கு நான் இறுதியில் சொன்ன விடை இதுதான்: "அம்மா, கையில் மிச்சமுள்ள பணமிருந்தால் வீட்டுக்கு ஒன்றாக வாங்குங்கள், வெளிநாட்டிலிருக்கும் உங்கள் தங்கையோடு பேச உதவும். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பதிவுள்ள கருவிதானா என்று பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள். தவணைக்கு வேண்டாம். தோட்டை ஈடு வைத்தும் வேண்டாம். அது இல்லாததால் பிள்ளையின் படிப்பு ஒரு நாளும் நிற்காது. அதற்கு நான் பொறுப்பு."

அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, அறியேன். மறுநாள் முதல் வீட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பின் வாங்கில் அமர்ந்திருக்கும் அவருடைய மகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்கிறாள்.