எண்ணுக்குப் பின் வரும் நன்றி

சென்ற மாதம் வீட்டு யந்திரம் ஒன்று பழுதுபட்டு, அதைப் பற்றிய முறையீட்டைத் தொலைபேசியில் பதிவு செய்ய நேர்ந்தபோது, முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த ஒரு பெண்குரல், என் புகார் எண்ணை ஒன்பது இலக்கங்களாக ஓதிவிட்டு, மூச்சு விடாமலே, எங்களை அழைத்தமைக்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று வாழ்த்தி விடைபெற்றுக்கொண்டது. காகிதத்தில் ஏழு இலக்கங்கள் விழுந்திருந்தன. எஞ்சிய இரண்டும், நன்றி என்ற சொல் காதில் புகுந்த க்ஷணத்திலேயே காணாமற் போயின. வயதின் கோளாறு என்று வீட்டார் நகைத்தார்கள். செவியின் சாஸ்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்திராவிட்டால் நானும் அவ்வாறே நம்பியிருப்பேன்.

காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையில் மோத, அந்த அசைவைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பாடநூல்கள் அழைக்கும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, நத்தையோடு போலச் சுருண்டு திரவம் நிரம்பிக் கிடக்கும் காக்ளியாவுக்குள் செலுத்துகின்றன. அங்குள்ள மெல்லிய சவ்வு, கீச்சென்ற சப்தத்துக்கு வாயிலருகிலும், கனத்த சப்தத்துக்குச் சுருளின் உச்சியிலும் மிகுதியாக அலைவதைக் கண்டு காட்டி 1961இல் நோபல் பரிசு பெற்ற பெக்கேஷி, அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது புடாபெஸ்ட் நகரத்துத் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காதை அறிய வேண்டிய அவசியம் தொலைபேசிக்காரர்களுக்கு அன்றே இருந்திருக்கிறது.

ஆனால் விசித்திரம் அதற்கு அப்பால்தான் இருக்கிறது. அச்சிட்ட சொல்லை வேண்டும்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம். பேசிய சொல்லின் முதலெழுத்தோ கடையெழுத்து பிறக்குமுன்பே காற்றில் அழிந்து போகிறது. அப்படியிருந்தும் சொல்லை முழுதாக அறிகிறோமென்றால், அழிந்த சப்தத்தின் சாயலை மூளை சிறிது நேரம் ஏந்தி வைத்திருக்கத்தான் வேண்டும். அமெரிக்க உளநூலறிஞர் உல்ரிக் நைஸர் 1967இல் இதற்கு எதிரொலி ஞாபகம் என்ற பொருள்படப் பெயரிட்டார். இதன் ஆயுள் சில வினாடிகளே. செய்தித்தாளில் ஆழ்ந்திருக்கும் கணவர், மனைவி கேட்டதற்கு "என்ன?" என்று வினவிவிட்டு, அவள் திரும்பச் சொல்லுமுன் தாமே பதிலளிக்கிறாரே, அது இந்த ஞாபகத்தின் உபகாரம். சுவர்க்கடிகாரம் மூன்று அடித்து ஓய்ந்தபின், கவனியாமல் விட்ட அடிகளை மனத்துக்குள் திரும்ப எண்ணிப் பார்ப்பதும் அதுவே. மணியோசையைக் கணக்கு வைத்துக்கொண்டே கவி பாடும் அவதானிகளின் திறமை நெடும் பயிற்சியால் வருவது. இந்தச் சிறிய அவதானமோ நம் எல்லோருக்கும் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

இனி என் இரண்டு இலக்கங்களுக்கு வருகிறேன். க்ரௌடர், மார்ட்டன் என்ற இருவர் 1969இல் விளக்கிய சங்கதி இது: ஓர் எண்வரிசையை வாசித்து முடித்தவுடன், பொருட்படுத்த வேண்டியதில்லை என்று முன்னதாகவே எச்சரித்துவிட்ட ஒரு சொல்லைக் கூட்டினாலும், கேட்பவர்கள் கடைசி இலக்கத்தைத் தவறவிடுவது மிகுந்துவிடுகிறது. அதே இடத்தில் யந்திர ஓசை ஒன்று ஒலித்தால் அத்தனை கேடு இல்லை. மனிதக் குரல்தான் முந்தைய குரலின் சுவட்டை அழிக்கிறது. இதற்கும் முன்னர், கேம்பிரிட்ஜில் தொலைபேசி எண்களைப் பற்றி ஆராய்ந்த கான்ராட், எண்ணைக் கேட்டவர் அதற்கு முன்னால் இன்னோர் இலக்கத்தைச் சேர்த்துச் சுழற்ற நேர்ந்தாலே பிழை பெருகுகிறது என்று 1958இல் எழுதிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த உண்மையை, குரலைப் பதிந்து வைக்கும் ஸ்தாபனங்கள் இன்னும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடையே ஒரு சொந்த அபிப்பிராயம். வேல்ஸ் மொழியில் இலக்கப் பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடச் சற்று அதிக நேரம் பிடிப்பதால், இரு மொழியும் அறிந்தவர்களுக்கும் அம்மொழியில் குறைந்த இலக்கங்களே நினைவில் நின்றன என்று எல்லிஸ், ஹென்னெலி என்ற ஆராய்ச்சியாளர் இருவர் 1980இல் கண்டார்கள். தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசையில் முடியும் பெயர் ஒன்றுகூட இல்லை. கைப்பேசி எண்ணைச் சொல்லும்போது மட்டும் நம்மவர் 'நைன், எய்ட்' என்று ஆங்கிலத்துக்குத் தாவுவதை மொழிப்பற்றின்மை என்று கடிந்தவன் நான். அதில் இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று தோன்றுவதால், அந்தக் கண்டனத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தொலைபேசிக்குச் சொன்னது ரயில் நிலையத்து ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். நிலையப் பலகையில் எண் ஒளிர்கிறதே, கைப்பேசியில் குறுஞ்செய்தி வருகிறதே என்பார்கள். பலகையைப் படிக்க இயலாத பார்வையற்றவருக்கும், எழுத்தறியாத முதியவருக்கும், மூட்டையும் குழந்தையுமாகப் பிளாட்பாரத்தில் ஓடும் தாய்க்கும் குரல் ஒன்றே துணை.

ஆகவே ஒலிபெருக்கிகளுக்கும் தொலைபேசி யந்திரங்களுக்கும் வாசகம் எழுதித் தருவோரிடம் ஒரு விண்ணப்பம். நன்றியையும் வாழ்த்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து நிதானமாக ஓதுங்கள். பின் நான்கு வினாடி மௌனமாயிருந்து, அதே எண்ணை மீண்டும் ஒருமுறை சொல்லி, அதற்குப்பின் ஒரு வார்த்தையும் பேசாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.