செஞ்சிலந்திக்கு நம் ஊரில் உறக்கமில்லை: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்

"பனி இறங்கினால் செஞ்சிலந்தி தானாக அடங்கிவிடும்" என்று பல விவசாயிகள் நம்புகிறார்கள். இது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும், சென்னைப் பகுதிக்குப் பொருந்தாது.

ஐரோப்பாவில் பகல் குறைந்து குளிர் கூடும்போது, பெண் சிலந்தி ஆரஞ்சு நிறமாகி, உண்ணாமலும் முட்டையிடாமலும் உறங்கிவிடும். அப்போது அதன் உடலில் நொதிகள் வேலை செய்யும் விதமும் மாறும். சென்னையில் டிசம்பரில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடமாகக் குறைந்தாலும், இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் இங்கே அது உறங்காமல் ஆண்டு முழுவதும் பெருகும். சிவப்பாக இருப்பதை வைத்து உறங்குகிறது என்று எண்ண வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓரளவு கழுவிவிடும். ஆனாலும் களைகளிலும் அடியிலைகளிலும் தப்பியவை கோடையில் பெருகிவிடும். மயிலாப்பூர், அடையாறு மாடித்தோட்டங்களுக்கும் இதுவே பொருந்தும்.

வெயில் காலத்தில் முட்டை 10 நாட்களுக்குள் முழுச் சிலந்தியாகிவிடும். மருந்தைச் சிதைக்கும் எஸ்டரேஸ் போன்ற நொதிகள் அதிகமுள்ள சிலந்திகள் தப்பி, அடுத்த தலைமுறையைப் பெருக்கும். ஒரே மருந்தை அடித்தால் சில மாதங்களிலேயே அது பலிக்காமல் போவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

* வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைத்தாளில் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும்.
* களைகளையும் அறுவடை முடிந்த செடிகளையும் உடனே அகற்றுங்கள்.
* தொடக்கத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். நனையும் கந்தகமானால் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். கடும் வெயிலில் இலை கருகும்.
* கத்தரியில் தாக்குதல் மிகுந்தால் ஒருமுறை ஸ்பைரோமெசிபென், அடுத்த முறை புரோப்பார்கைட் என மாற்றுங்கள். இவை வெவ்வேறு நொதிகளைத் தடுப்பவை. மற்ற பயிருக்கு லேபிளில் அந்தப் பயிரின் பெயர் உள்ளதா என்று பாருங்கள்.
* பைரித்ராய்டு மருந்துகளைத் தவிருங்கள். அவை சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொல்லும்.
* பழைய கையேடுகளில் உள்ள டைகோஃபாலை மத்திய அரசு 2023-ல் தடை செய்துவிட்டது. யார் தந்தாலும் வாங்காதீர்கள்.