ஊசியில் வரும் ஆண்மை

ஆண்மை என்னும் சொல்லுக்கு ஆளுந்தன்மை என்றொரு பொருளும் நம் மொழியில் உண்டு. வள்ளுவர் பிறன்மனை நோக்காத பண்பையே பேராண்மை என்றார். இன்றைய இளைஞர் சிலரோ அதனை ஊசிமருந்துக் குப்பிக்குள் தேடுகின்றனர். இதனை எழுதத் தூண்டியவர் நம் பழைய மாணவர் ஒருவர்.

திருச்சி கைலாசபுரத்தில் வளர்ந்தவர் அவர். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய ஒருவரின் சொற்கேட்டு, மருத்துவரைக் காணாமலே வாரந்தோறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டார். தோள் திரண்டது; கண்டவர் வியந்தனர். மணமாகி ஈராண்டு கழிந்தும் குழந்தை இல்லை. வீட்டுப் பெரியவர்கள் மருமகளையே மருத்துவமனை தோறும் அழைத்துச் சென்றனர். அப்பெண் எத்தனை சோதனைக்கு உட்பட்டார், எத்தனை சொல் கேட்டார் என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. இறுதியில் கணவரின் விந்தினைச் சோதித்தபோது, அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை.

காரணத்தைக் கைலாசபுரத்தார்க்கு விளக்குவது எளிது. பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை ஒட்டி எழுந்த குடியிருப்பு அது. கொதிகலனில் நீராவியின் அழுத்தம் போதிய அளவை எட்டினால், கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைக் குறைத்துவிடும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அவ்வாறே. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்ததும், விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை அது நிறுத்திவிடுகிறது. வந்தது வெளிச்சரக்கு என்பதை அச்சுரப்பி அறியாது. கட்டளை நின்றால் விரைகள் சுருங்கும். உயிரணு உற்பத்தியும் ஓயும். 1990-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இம்மருந்தை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்தது. வாரம் 200 மில்லிகிராம் பெற்ற 271 பேரில் 157 பேருக்கு உயிரணு அறவே இல்லாமற் போயிற்று. ஆண்மைக்கென்று காசு கொடுத்து வாங்குவது கருத்தடையை! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு உற்பத்தி மீளும். ஆயினும் சிலர்க்கு ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம்.

மருந்தே தீது என்பது என் கருத்தன்று. உடலில் இச்சுரப்பு குன்றியதற்கான அறிகுறிகள் தோன்றி, காலை வேளையில் இருமுறை எடுத்த இரத்தச் சோதனையிலும் குறைவு உறுதியானவர்க்கு அது நன்மருந்து. 5000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வில், அத்தகையோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. முதியோர்க்கு இது ஆறுதலே. எனினும் இதயத்துடிப்புச் சீர்கேடும், நுரையீரலில் இரத்தக்கட்டும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து பெற்றோரிடம் கூடுதலாகக் காணப்பட்டன. சிவப்பணு பெருகி இரத்தம் தடிப்பதும் உண்டு. முகப்பரு, மார்பு வீக்கம், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியனவும் நேரலாம். ஆகவேதான் மருத்துவர் குறித்த இடைவெளியில் இரத்தத்தையும் புராஸ்டேட் சுரப்பியையும் சோதிக்கின்றனர். உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் எதைச் சோதிப்பார்?

ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. ஆயினும் அவ்விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை. எனவே கல்லூரிகளே ஆண்டுக்கொரு முறை மருத்துவரை அழைத்து, மாணவரிடம் இதனைக் கூச்சமின்றிப் பேசச் செய்தல் வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் முதற்சோதனை கணவனுக்கும் உரியது என்பதைப் பெரியவர்களும் உணர்தல் வேண்டும்; அச்சோதனை ஒரு காலைப்பொழுதில் முடிவது.

அம்மாணவர் ஊசியை நிறுத்தி ஒன்பது திங்களாகிறது. அண்மைச் சோதனையில் உயிரணுக்கள் சில தென்பட்டனவாம். மகிழ்ந்தேன். உங்கள் மனைவியிடம் வீட்டில் எவரேனும் வருத்தம் தெரிவித்தார்களா என்று வினவினேன். இல்லை என்றார்.