கூரை மேலே எத்தனை கிலோ?

இமயமலைப் பக்கம் கட்டுகிற எந்தக் கட்டிடத்துக்கும் கடன் கொடுக்கும் முன்பு வங்கி ஒரே ஒரு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி. கூரைக்குப் பனிச்சுமை எவ்வளவு போட்டுக் கணக்குப் பார்த்தீர்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ? இவ்வளவுதான் கேள்வி.

பி.காம் படித்தவனுக்கு இது எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். என் கூட வேலை பார்ப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள் :-) ஒரு ஃபைலில் நாங்கள் என்னென்ன பார்க்கிறோம் தெரியுமா? ஜமாபந்தி (நம்மூரில் இது கலெக்டர் வந்து கிராமக் கணக்கைச் சரிபார்க்கிற சடங்கு, இங்கே ஹிமாசலில் இதுதான் நில உரிமைப் பதிவேடு), வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர் அறிக்கை, மூன்று வருட வருமான வரி. பதினைந்து வருடக் கடனுக்கு அடமானமாக நிற்கப் போவது கட்டிடம். அதன் தலைக்கு மேலே என்ன விழும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் 'ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட் இருக்கிறதா' என்று ஒரு டிக் அடிப்போம். அத்தோடு சரி.

போன வருடம் ஒரு ஹோம்ஸ்டேவுக்குக் கடன் கேட்டு ஒரு ஃபைல் வந்தது. இடம் ஏழாயிரம் அடிக்கு மேலே. டிசைன் செய்தது சமவெளியில் இருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனம். பின்னால் அறுபது பக்கத்துக்கு ஸ்டாட் புரோ பிரிண்ட் அவுட். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. ஆனால் முதல் சில பக்கங்களில் சுமைகளின் பட்டியல் இருக்குமே, அது லெட்ஜரில் தலைப்பு படிக்கிற மாதிரிதான். சொந்த எடை, புழங்கு சுமை, காற்று, நிலநடுக்கம். பனி என்ற தலைப்பே இல்லை. கூரை முப்பது டிகிரி சரிவில் தகரம்.

சென்னையில் அக்கா மகன் வெளிநாட்டுக் கிடங்குகளுக்கு இரும்புக் கூரை டிசைன் செய்யும் வேலையில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, சாஃப்ட்வேர் அதுவா எதையும் கேட்காது. நாம சேர்க்கலேன்னா பனி பூஜ்யம்தான். ரிசல்ட் எல்லாம் பாஸ்னு பச்சையா வரும்" என்றான். இவன் நேரில் பனியைப் பார்த்ததே கிடையாது என்பது வேறு விஷயம்.

அவன் சொல்லித்தான் மற்றதும் விளங்கியது. இந்திய விதி ஐஎஸ் 875, இரண்டாம் பகுதிப்படி, யாரும் ஏறாத கூரைக்குப் புழங்கு சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. சரிவு பத்து டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 கிலோ குறைக்கலாம், 40க்குக் கீழே போகக்கூடாது. முப்பது டிகிரி என்றால் 40தான். அந்த ஃபைலில் இருந்ததும் அதுதான்.

இப்போது பனியைப் பாருங்கள். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். நாளாக நாளாக அமுங்கி 300 வரை போகும், மழையும் சேர்ந்தால் இன்னும் மேலே. (உயரம் குறைந்துவிட்டது, பனி போய்விட்டது என்று நினைப்பார்கள். உருகி வடியாதவரை எடை அப்படியேதான் இருக்கிறது.) தரையில் ஒரு மீட்டர் பழைய பனி என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. 1987ல் வந்த நான்காம் பகுதியின்படி, முப்பது டிகிரி வரை சரிந்த சாதாரணக் கூரைக்கு இதில் 0.8 மடங்கு, அதாவது 240 கிலோ. போட்டது 40, வரக்கூடியது 240! நூறு சதுர மீட்டர் கூரை என்றால் 24 டன், ஆறு யானை. புழங்கு சுமை, பனி இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் டிசைன் செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒன்றைப் போட்டாயிற்றே என்று மற்றதை விட முடியாது.

பனியைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? அதிலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. ஸ்டாட் புரோவில் உள்ள பனிச்சுமைப் பகுதி அமெரிக்காவின் ஏஎஸ்சிஇ 7 விதியை வைத்து எழுதப்பட்டது. அங்கே தட்டைக் கூரைக்கு 0.7லிருந்து ஆரம்பித்து, காற்றுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் தனித்தனிப் பெருக்கல். அதை அப்படியே நம் ஊர் எண்ணோடு கலந்தால் இரண்டு கம்பெனி பாலன்ஸ் ஷீட்டை ஒன்றாகக் கூட்டின மாதிரி. கையால் போடலாம், ஆனால் திசையைக் கவனிக்க வேண்டும். காற்று கூரையைச் செங்குத்தாக அழுத்தும் அல்லது இழுக்கும். பனி நேராகக் கீழே இறங்கும், அதுவும் கூரையின் கிடைமட்ட நிழல் அளவுக்கு. காற்றுக்குப் போட்ட வரியைக் காப்பி அடித்துப் பனிக்குப் போட்டால் விடை தப்பு. சரிவின் நீளத்துக்குப் போட்டுவிட்டால் முப்பது டிகிரியில் 15 சதவீதம் கூடுதலாக வரும், அது பரவாயில்லை, இரும்புக்குத்தான் செலவு. இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு நிறுத்திவிடுவதுதான் மோசம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டும். உயரமான சுவரை ஒட்டிய தாழ்ந்த கூரையில் குவியும். அதற்கெல்லாம் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

'எஞ்சினியர் கையெழுத்துப் போட்டாச்சு, கம்ப்யூட்டரும் சொல்லியாச்சு, நாம யாரு?' என்பவர்களுக்கு ஹார்ட்ஃபோர்டு கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் அந்த ஊர் உள்ளரங்கின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனியோடு கீழே வந்தது. சில மணி நேரம் முன்புதான் ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட கூரை. கட்டும்போதே கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது தெரிந்தும், கம்ப்யூட்டர் சரி என்கிறதே என்று விட்டுவிட்டார்கள். கூரையின் சொந்த எடையையே குறைத்துப் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயம் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. லாஹௌல், ஸ்பிதி பக்கம் பழைய வீடுகளுக்குத் தட்டையான மண் கூரைதான். சரிவே கிடையாது. எப்படித் தாங்குகிறது? பனி விழ விழ வீட்டு ஆட்கள் ஏறி மரத் துடுப்பால் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். கூரையோடு ஆளும் சேர்ந்ததுதான் அந்த டிசைன். இப்போது ஹோம்ஸ்டே என்று கட்டிவிட்டு, சீசன் முடிந்ததும் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ள ஒரு நேபாளிக் குடும்பம் அதே கூரைக்குக் கீழே குளிர் காய்ந்துகொண்டிருக்கும். போலந்தின் கடோவிட்சேயில் 2006 ஜனவரி 28 அன்று பனி தள்ளாத கண்காட்சிக் கூடத்துக் கூரை விழுந்து 65 பேர் செத்தார்கள்.

ஆகவே என் யோசனை: சர்டிஃபிகேட்டின் முதல் பக்கத்திலேயே எண் இருக்கட்டும். தரைப் பனி எத்தனை கிலோ, அந்த எண் எங்கிருந்து வந்தது, கூரைக்கு எவ்வளவு எடுத்தீர்கள், பனியை யார் தள்ளப் போகிறார்கள். நாலு வரி. வங்கி அதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டாம், காலியாக இருந்தால் திருப்பி அனுப்பினால் போதும். நம்மாட்கள் நிறைய பேர் மலை ஊர்களில் வாடகைக்கு இருக்கிறீர்கள். பிள்ளைகள் அங்கே ஹாஸ்டலில் படிக்கிறார்கள். அந்த நாலாவது கேள்வியையாவது நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து வந்தது, பனியோடு. சட்டங்கள் நெருங்கியிருந்தன, இரும்பு கூடியிருந்தது, கடன் தொகையும் கூடியிருந்தது. ஓனர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.