செல்லமே: கிளிக்குஞ்சு கிடைத்தால் ஊட்டாதீர்கள்... முதலில் கூட்டைத் தேடுங்கள்!

பட்டுப்போன தென்னையை வெட்டிச் சாய்க்கும்போது, பொந்திலிருந்து கிளிக்குஞ்சுகள் வந்து விழுவதுண்டு. இலுப்பூர், அன்னவாசல் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். உடனே பிள்ளைகள் அட்டைப்பெட்டி தேடுவார்கள். பாட்டி பாலில் சோறு பிசைவார். நல்ல மனசுதான். ஆனால், அந்தப் பால்சோறே குஞ்சின் உயிருக்கு எமனாகலாம்.

பாலில் உள்ள சர்க்கரை பறவைகளுக்குச் சரியாகச் செரிக்காது. வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும்.

மயில் வேறு, கிளி வேறு

பக்கத்து விராலிமலையில் திரியும் மயில்களின் குஞ்சுகள், பொரிந்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் பின்னால் நடந்து, தாமே கொத்தித் தின்னப் பழகிவிடும். கிளியும் புறாவும் அப்படியல்ல. கண் திறக்காமல், இறகு முளைக்காமல் பிறப்பவை. கிளி, தான் தின்றதைக் கக்கி ஊட்டும். புறாவோ, கழுத்தடித் தீனிப்பையில் சுரக்கும் 'புறாப்பாலை' ஊட்டும். அதைத் தாய், தந்தை இரண்டுமே சுரக்கும்.

என்ன செய்யலாம்?

* குஞ்சைத் துணி விரித்த பெட்டியில், கதகதப்பாக வையுங்கள். உடம்பு சில்லிட்ட குஞ்சுக்கு எதையும் ஊட்டக் கூடாது, செரிக்காது.
* காயம் இல்லையென்றால், கூட்டிலேயே திரும்ப விடுங்கள். 'மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது' என்பது வெறும் நம்பிக்கைதான்.
* மரமே போய்விட்டதா? காயம்பட்டிருக்கிறதா? வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 'கீழே கிடந்தது, பாவமென்று வளர்த்தேன்' என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறீர்களா?

பட்ஜி, காக்டெயில் போன்ற வெளிநாட்டு வளர்ப்புப் பறவைகளின் குஞ்சைத் தாய் ஒதுக்கிவிட்டால் மட்டும் கையால் ஊட்டலாம். கடையில் கிடைக்கும் குஞ்சுகளுக்கான மாவை வெந்நீரில் கரைத்து, 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுக்க வேண்டும். சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் உணவு உள்ளேயே தங்கிப் புளித்துவிடும். எனவே, கைப்பதம் பார்க்காமல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி வேண்டும். இறகு முளைத்த பிறகு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை போதும். தீனிப்பை வற்றியதைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேளை. வற்றாமல் அப்படியே வீங்கியிருந்தால், கைவைத்தியம் வேண்டாம்; தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இரவிலும் எழுந்து ஊட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று யோசித்த பிறகே குஞ்சு வாங்குங்கள். தானே கொறிக்கப் பழகிய பறவையை வாங்குவது, உங்களுக்கும் நிம்மதி, அதற்கும் நல்லது.