முதல் மீட்டர் யாருக்கு?

கரமனையாற்று நீர் அருவிக்கரையிலிருந்து குழாய்வழி திருவனந்தபுரம் வந்தது 1933-இல். இரண்டு மாதத்துக்கொருமுறை ஆள் வந்து மீட்டரைப் பார்த்துக் குறித்துச் செல்வது இங்கு வழக்கம். இனித் தானே கணக்குச் சொல்லும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் அது யாரை அளக்கப் போகிறது?

ஏழை வீட்டுக் குடத்தில் விழும் நீருக்குக் கணக்குண்டு. நடுத்தெருவில் குழாய் உடைந்து ஓடும் நீருக்குக் கணக்குண்டா? 2023 பிப்ரவரியில் கேரள நீர் ஆணையம் லிட்டருக்கு ஒரு பைசா கட்டணம் உயர்த்தியது. ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய்! மண்ணில் ஓடிய நீரின் செலவும் நம் தலையில்தானே விழுகிறது?

புதுக் கருவியின் சிறப்பு இங்கேதான். பகுதிக்குள் நுழையும் பெருங்குழாயில் ஒன்று, வீடுதோறும் ஒன்று என வைத்தால், ஒரே நேரத்தில் இரு கணக்கையும் ஒப்பிடலாம். வீடுகளின் கூட்டுத்தொகையில் குறையும் அளவே வழியில் ஒழுகியதும் களவு போனதும். ஆள் குறிக்கும் கணக்கில் இது கைகூடாது. வீடுகள் ஒவ்வொரு நாளில் குறிக்கப்படுகின்றன அன்றோ?

ஆகவே தோழர்களே, முதல் மீட்டர் பெருங்குழாய்க்கு வேண்டும் எனக் கேட்போம். அதன் கணக்கு வார்டுதோறும் பலகையில் எழுதப்படட்டும். மக்களை அளக்குமுன் ஆணையம் தன்னை அளந்து காட்டட்டும்!