மந்தை முழுவதற்கும் பூச்சி மருந்து தகுமா?

மேல்மலையனூர், செஞ்சிப் பகுதிகளில் நிலமற்ற குடியானவனுக்கு ஆடே சேமிப்பாகும். பிள்ளையின் படிப்பிற்கும் வைத்தியச் செலவிற்கும் செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஓர் ஆட்டை விற்றே பணம் காண்கிறான். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அவ்வாடு இளைத்து, கீழ்த்தாடையினடியில் நீர் கோத்து வீங்கி மடியுமாயின், அச்சேமிப்பே அழிகின்றது.

இதற்குப் பெரும்பாலும் காரணமாவது இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுவே. ஆயிரம் புழுக்கள் நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். ஒரு பெண்புழு தினந்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகள் இடும். அவை புழுக்கையுடன் வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன.

ஆண்டில் சில முறை மந்தை முழுவதற்கும் பூச்சி மருந்து புகட்டினாற் போதும் என்பது பரவலான எண்ணம். அது எளிதே, ஆயினும் நெடுநாள் நன்மை தராது. தையபெண்டசோல் என்னும் மருந்து 1961-ல் வழக்கிற்கு வந்தது. 1964-லேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. பின்வந்த மருந்துகளுக்கும் இக்கதியே நேர்ந்தது. தமிழ்நாட்டு மந்தைகளும் விலக்கல்ல. எல்லா ஆடுகளுக்கும் ஒருங்கே மருந்து கொடுத்தால், அதைத் தாங்கிய புழுக்களே எஞ்சி, அவற்றின் சந்ததியே மேய்ச்சல் நிலத்தை நிரப்பும். அளவு குறையக் கொடுப்பதும் அதே தீங்கைச் செய்யும்.

தென்னாப்பிரிக்காவில் உருவான கண்ணிமைச் சோதனை இதற்கு நல்ல மாற்று. கீழிமையின் உட்புறம் நன்கு சிவந்திருப்பின் மருந்து வேண்டுவதில்லை. வெளுத்திருப்பின் எடைக்குரிய முழு அளவும் கொடுத்தல் வேண்டும். மருந்து பெறாத ஆடுகளிலுள்ள புழுக்கள், மருந்தைத் தாங்கும் புழுக்களுடன் கலந்து அவ்வினத்தின் ஆதிக்கத்தைத் தணிக்கும். மழைக்காலத்தில் இரு வாரங்களுக்கொருமுறை இமை பார்த்தல் நலம். இமை வெளுப்பிற்கு வேறு நோய்களும் காரணமாகலாமாதலின், மருந்திட்டும் தேறாத ஆட்டைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் விடலாகாது. தனியே கட்டி, மருந்து கொடுத்து, புழுக்கையைச் சோதித்த பின்னரே சேர்க்கவேண்டும். இன்றேல், அயலூரில் மருந்திற்கு அடங்காது போன புழுவையும் விலை கொடுத்து வாங்கியதாகும்.

கால்நடை முகாம்களின் பயனைக் காலியான புட்டிகளைக் கொண்டு கணக்கிடுதல் பொருந்தாது. இமை பார்க்கக் கற்ற குடியானவர் எத்தனை பேர் என்பதே கணக்காகட்டும். மருந்தின் வீரியம் ஊருக்கெல்லாம் பொதுச்சொத்து. ஏரிநீரைப் போல அதனையும் அளவறிந்து செலவிடுதல் வேண்டும்.